இடுப்பில் கூவிய வெள்ளி

கொளஞ்சியப்பன் கால் வைத்ததும், விமான நிலையத்தில் கதவு நிலைபோல் நின்ற அந்த உலோகச் சோதனைச் சட்டம் 'கீ' என்று அலறியது.

"இடுப்புல இன்னாய்யா?" என்றார் மீசைக்காரக் காவலர்.

"அரைஞாண் கொடிங்க. வெள்ளி."

"கயட்டிட்டு வா."

கொளஞ்சியப்பன் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "எங்க ஊர்ல செத்தவனுக்குத்தாங்க அதைக் கயட்டுவாங்க. நான் நல்லாத்தான நிக்கிறேன்?"

மறுநாள் காலை டெல்லியில் அக்காள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பிள்ளைக்கு இருப்பதோ இவன் ஒருவன்தான். இட ஒதுக்கீடு கூடாதென்று வடக்கே ரயிலை மறித்துக்கொண்டிருந்ததால், அக்காள் வீட்டுக்காரர் விமானச் சீட்டே எடுத்து அனுப்பிவிட்டார். என்ன ஆனாலும் ஏறியே தீருவது என்று எலவனாசூர்கோட்டையில் பஸ்ஸைப் பிடிக்கும்போதே அவன் முடிவு செய்திருந்தான்.

"சரி, சட்டையைத் தூக்கிக் காட்டிக்கினு வா. வெள்ளிதானான்னு பாக்கறேன்" என்றார் மீசைக்காரர்.

வயிற்றைக் காட்டியபடி நுழைந்தான். சட்டம் மறுபடி அலறியது. அந்தச் சத்தத்துக்கு அதிகாரி ஓடி வந்தார்.

"பொம்பளைங்க போற எடத்துல வயித்தக் காட்டிக்கினு வர்ற? மூடுய்யா!"

மூடினான்.

"எதுக்கு மறைக்கிற?" என்றார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இன்னொரு காவலர்.

அப்போது கோட்டுப் போட்ட ஒருவர், இடுப்பில் பெரிய சாவிக்கொத்து சலசலக்க, அவனைத் தாண்டிப் போனார். சட்டம் வாயைத் திறக்கவில்லை.

"அவரு சாவிக்குக் கத்தலீங்களே?"

"அது பெரிய வூட்டு சாவிய்யா. பையில இன்னா?"

"தேனுங்க. கல்வராயன் மலைத் தேன். அக்காவுக்கு."

"குடிச்சிக் காட்டு," என்றார் மீசைக்காரர்.

மெழுகு முத்திரையை உடைத்து ஒரு வாய் குடித்தான். மேசைக்காரர் பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "முத்திரை ஒடைஞ்சிருக்குதே? ஒடைஞ்சதை உள்ள வுட மாட்டோம்."

"இவருதாங்க ஒடைக்கச் சொன்னாரு!"

"அவரு சொன்னா அவருகிட்டப் போய்க் கேளு."

"நான் குடிக்கத்தான் சொன்னேன். ஒடைக்கவா சொன்னேன்?" என்றார் மீசைக்காரர்.

"ஒடைக்காம எப்படிங்க குடிக்கறது?" என்று கொளஞ்சியப்பன் பாட்டிலைப் பிடித்து இழுக்க, தேன் மொத்தமும் அவன் வேட்டியில் கொட்டியது. அது தரையிலும் ஓடியது. மேசைக்காரர் செருப்பு அதில் ஒட்டிக்கொண்டது.

டெல்லி விமானத்துக்குக் கடைசி அழைப்பு கேட்டது.

கொளஞ்சியப்பன் கழிவறைக்கு ஓடினான். சோப்புப் போட்டு இழுத்தும் கொடியின் கொக்கி அசையவில்லை. அசைந்திருந்தாலும் கழற்றியிருப்பானா என்பது அவனுக்கே சந்தேகம். நனைந்த வேட்டியைச் சுருட்டிப் பையில் திணித்தான். அக்காள் வீட்டு மாமாவுக்குச் சீர்வரிசையாக எடுத்திருந்த புதுப் பேண்டை மாட்டினான். அது மாமாவின் தொப்பைக்குத் தைத்தது, கையை எடுத்தால் முட்டிக்கு வந்தது. வேறு வழியில்லாமல் வெள்ளிக் கொடியை அதன்மேல் இழுத்துவிட்டுப் பெல்ட் போலாக்கினான். 'அலறினால் அலறட்டும். இந்தத் தடவை நிற்காமல் ஓடியே போய்விடுவது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான்.

கொடி பளபளத்தது. சட்டத்துக்குள் கால் வைத்தான்.

சத்தமே இல்லை.

"வாங்க சார்," என்றார் மேசைக்காரர், செருப்பில் ஒட்டிய காகிதத்தைப் பிய்த்தபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

உள்ளே தேன் வழிந்த தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள் பச்சையம்மாள். உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக்காரி. முன்பு அவன் வாதாடிய பேச்சிலேயே அவனை ஊர்க்காரன் என்று கண்டுகொண்டிருந்தவள், "பிளேன் நிக்குது, ஓடு தம்பி!" என்றாள்.

அவன் ஓடிக்கொண்டே இடுப்பைத் தட்டிக் காட்டினான். "எங்க குலசாமி கண்ணத் தொறந்துடுச்சுக்கா! வெள்ளி அப்படியே இடுப்புலதான் இருக்குது. மிஷினு வாயே தொறக்கல!"

பச்சையம்மாள் துணியை வாளியில் பிழிந்தாள்.

"அந்த மிஷினு நேத்தே செத்துப்போச்சு தம்பி. வேட்டி கட்டினவங்க வந்தா, மேசைக்கடியில பெல்லை அமுக்கறது அங்க உக்காந்திருக்கற ஐயாதான்."