ஜமீனின் இடது பின்னங்கால்

எங்கள் நாய்க்கு முட்டி ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமா என்பதை, குடும்பத் தலைவன் என்ற முறையில், நான் ஒருவனே தீர்மானிப்பது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் தீர்மானித்தேன். குடும்ப அட்டையில் என் பேர்தான் முதலில் இருக்கிறது. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டி.வி.கூட என் கையெழுத்தில்தான் வந்தது. அதில் என்ன பார்ப்பது என்பது மட்டும் அம்சத்தின் இலாகா. அம்சம் என் மனைவி.

நாயின் பேர் ஜமீன். வேலை பார்க்காது, நிழலை விட்டு நகராது, சோறு மட்டும் நேரத்துக்கு வந்துவிட வேண்டும். அதனால் நானே வைத்த பேர். ஆவணி மாதத்தில் ஒரு நாள் அதன் இடது பின்னங்கால் நொண்ட ஆரம்பித்தது. நாய் என்றால் நொண்டும், அதில் ஒன்றுமில்லை. ஆனால் அதே நாள், அதே நேரத்தில், எனக்கும் இடது கால் நொண்ட ஆரம்பித்தது.

ஊரில் நான் சொன்னது, சைக்கிளில் இருந்து விழுந்துவிட்டேன் என்று. உங்களிடம் மறைப்பானேன். என் முட்டியில் விழுந்தது ஒரு கல்.

எங்கள் வயலுக்கும் ராசம்மாள் வயலுக்கும் நடுவில், வாய்க்கால் கரையில், ஒரு சர்வே கல் உண்டு. ராசம்மாளின் அப்பா மருதையன் என் அப்பாவிடம் பண்ணையாளாக இருந்தவர். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது எங்களிடமிருந்து கழன்ற அரை ஏக்கர் அவர் பேருக்குப் பட்டாவாகிவிட்டது. அப்பா சாகிறவரை அந்தக் கல்லைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். கடைசிக் காலத்தில் இடது காலை இழுத்து இழுத்துக்கொண்டு போயாவது கடித்துவிட்டு வருவார். பரம்பரைச் சொத்தாக எனக்கு வந்ததில் முக்கால்வாசி அந்தப் பல்கடிதான்.

ஆவணி பத்து, உச்சி வேளை. வயலில் ஒரு ஆள் இல்லை. வரப்பு வெட்டுகிற சாக்கில் கடப்பாரையோடு போய்க் கல்லைப் பிடுங்கி, ராசம்மாள் பக்கம் ரெண்டடி தள்ளி நட்டேன். வரப்பையும் அதற்குத் தோதாகச் சாய்த்து வெட்டினேன். நடும்போதுதான் கல் கை வழுக்கி முட்டியில் விழுந்தது. சத்தம் போட முடியுமா? வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு நிமிர்ந்தால், கரையில் ஜமீன் உட்கார்ந்திருக்கிறது. குரைக்கவில்லை. வாலை ஆட்டவில்லை. பார்த்தது. நான் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது அதுவும் நொண்டிக்கொண்டே பின்னால் வந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. நான் நடந்தால் முட்டியில் 'களுக்' என்று ஒரு சத்தம். அரை வினாடி கழித்துப் பின்னாலிருந்து இன்னொரு 'களுக்'. நான் நின்றால் அதுவும் நிற்கும். நடவு முடிந்த பிறகு தினம் உச்சி வேளைக்கு வாய்க்கால் கரைக்குப் போய், கல் முன்பு இருந்த இடத்தில் உட்காரும். அந்தக் குழியை நான் மூடி, மேலே புல்லும் முளைத்துவிட்டது. எனக்கே இடம் தெரியாது. அதற்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் பயிர் அசையாது. நிழல் எல்லாம் காலடிக்குள் போயிருக்கும். ஜமீன் நாக்கைத் தொங்கப்போடாமல், வாயை இறுக்கி மூடிக்கொண்டு, என்னைப் பார்த்தபடி இருக்கும். வெயிலில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நாயை நீங்கள் பார்த்ததுண்டா? பார்க்க வேண்டாம்.

இந்த லட்சணத்தில் ராசம்மாள் மனு வேறு கொடுத்துவிட்டாள். அவள் வயலுக்கு வருஷா வருஷம் அறுபது முடி, அதாவது அறுபது கட்டு, நாற்று கச்சிதமாகப் பத்தும். இந்த வருஷம் நட்டு முடித்தபோது ரெண்டு முடி மிச்சம். நாற்று மிஞ்சினால் நிலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தமாம். வெள்ளிக்கிழமை சர்வேயர் வரப் போகிறார். நடவு முடிந்த மறுநாள் எங்கள் கொல்லையிலும் ரெண்டு முடி நாற்று கிடந்தது. ஏது என்று கேட்டேன். "மிச்சம்," என்றாள் அம்சம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

"ஏங்க, ஜமீனுக்கு முட்டியில சவ்வு கிழிஞ்சிருக்கும் போல. ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

"நாய்க்கு ஆபரேஷனா? எனக்கே பண்ணல."

"உங்களுக்கும் கேட்டேன். நாங்க ஆடு, மாடு, நாய்தான் பாக்குறது, இருந்தாலும் யோசிச்சுச் சொல்றேன்னாங்க."

"எத்தனை நாள் படுக்கையில இருக்கணும்?"

"பத்து நாளு. தஞ்சாவூர்ல."

பத்து நாள். வெள்ளிக்கிழமை சர்வேயர் வரும்போது ஜமீன் தஞ்சாவூரில் இருக்கும். பழைய குழியில் உட்கார்ந்து காட்டிக்கொடுக்க ஆளில்லை. இவ்வளவு பெரிய மூளையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறேனே என்று எனக்கே வருத்தமாக இருந்தது.

"பண்ணிருவோம் அம்சம். நாளைக்கே."

"என்ன அவசரம்?"

"வாயில்லா ஜீவன். பாவம்."

"நேத்துவரைக்கும் சனியன்னீங்க."

"சனியனுக்கும் கால் வலிக்கும்ல."

அம்சம் கத்தரிக்காயை நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எனக்கென்னமோ இது வியாதியாத் தெரியலங்க. எங்க சீர்காழிப் பக்கம் ஒருத்தரு எல்லைக்கல்லை நகத்திட்டாரு. முதல்ல அவரு வீட்டு மாடு நொண்டுச்சு. அப்புறம் அவரு நொண்டுனாரு."

"அப்புறம்?"

"அப்புறம் அவரைத் தூக்கிட்டுப் போக நாலு பேரு வந்தாங்க. அவங்க யாரும் நொண்டல."

நான் இடது காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டேன். "இதை ஏன் இப்ப சொல்ற?"

"சும்மாதான். கால்னதும் ஞாபகம் வந்துச்சு." கத்தரிக்காய் மறுபடி நறுக்குப்பட ஆரம்பித்தது.

தஞ்சாவூருக்கு எழுதிக்கொடுக்கும் முன் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம், புதன்கிழமை மன்னார்குடிக்குப் போனோம். டாக்டரம்மா ஜன்னத் பீவி சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார், எக்ஸ்ரேயும் அங்கேயே. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"முட்டி சுத்தமா இருக்கே. கத்தி வைக்க இங்க ஒண்ணுமே இல்ல."

"நல்லாப் பாருங்க டாக்டரம்மா," என்றேன். "பத்து நாள் பெட்டுல வச்சாலாவது..."

"நடக்க விடுங்க, பாப்போம்."

அம்சம் சங்கிலியைப் பிடித்து நடத்தினாள். ஜமீன் ராஜநடை போட்டது. நொண்டவே இல்லை.

"இப்ப நீங்க பிடிங்க," என்றார் டாக்டரம்மா.

நான் நடந்தேன். களுக். பின்னால் களுக். நின்றேன். நின்றது. மறுபடி ஓரடி வைத்தேன். அதுவும் வைத்தது. ஆஸ்பத்திரியில் ஒரு ஆடுகூடக் கத்தவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இது எப்ப ஆரம்பிச்சுது?"

"ஆவணி பத்து," என்றாள் அம்சம்.

"இவருக்கு?"

"ஆவணி பத்து."

"இதுக்கு எங்க புஸ்தகத்துல மருந்து போடல. முதல்ல இவரு நேரா நடக்கட்டும், அதுவும் நடக்கும்," என்று சொல்லி டாக்டரம்மா அடுத்த ஆட்டைக் கூப்பிட்டார்.

ஆபரேஷன் இல்லை என்று ஆகிவிட்டது. வண்டியில் வரும்போது ஜமீன் என் முட்டியின் மேல் தலையை வைத்துக்கொண்டு வந்தது. அந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது.

மறுநாள் உச்சி வேளை. அம்சம் ராசம்மாள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்கு ஓடினேன். ஓடினேன் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. ஜமீன் தன் இடத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, தள்ளிப் போய், இடம் விட்டது. அது இடம் விட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தோண்டினேன்.

ஒரு சாண் ஆழத்தில் ஏதோ துணி சிக்கியது. இழுத்தேன். அம்சத்தின் பழைய ஊதாப் புடவைக் கிழிசல். உள்ளே கருவாட்டுத் தலைகள்.

"அதை ஓரமா வச்சுட்டுக் கல்லை நடுங்க," என்று ஒரு குரல். பூவரச மரத்தடியில் அம்சமும் ராசம்மாளும் தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துச் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"மிஞ்சுன ரெண்டு முடி நாத்தையும் ராசம்மா நம்ம வீட்டுலதான் கொண்டாந்து போட்டுது. அக்கா, உங்க வயலு ரெண்டடி வளந்திருக்கு, உங்களுக்குத்தான் தேவைப்படும்னுச்சு. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. நேராக் கேட்டா நீங்க சைக்கிள்ல இருந்து விழுவீங்க. அதான் ராசம்மா காட்டுன பழைய இடத்துல தினம் ஒரு கருவாட்டுத் தலை."

தள்ளி நட்ட கல்லைப் பிடுங்கி வந்து பழைய இடத்தில் நட்டேன். "இன்னும் ரெண்டு விரக்கடை இந்தப் பக்கம்," என்றாள் ராசம்மாள். தள்ளினேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு நடுவிலும் ஒரு சந்தேகம் உறுத்தியது.

"கருவாடு வச்சு உக்கார வச்சது சரி. நொண்டறதுக்கு எப்படிச் சொல்லிக்குடுத்த?"

அம்சம் சோற்றை வாயருகே கொண்டுபோனவள் சட்டியிலேயே திரும்பப் போட்டாள். "நான் சொல்லிக்குடுக்கலியே. நீங்க ஏதோ பழக்கியிருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்."

மூன்று பேரும் ஜமீனைப் பார்த்தோம். அது எழுந்து, உடம்பை உதறி, நாலு காலையும் ஒழுங்காக ஊன்றி வீட்டைப் பார்த்து நடந்தது.

வெள்ளிக்கிழமை சர்வேயர் கண்ணுசாமி வந்தார். நான் நிமிர்ந்து நின்றேன். கல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, எனக்கென்ன பயம். அவர் சங்கிலி பிடித்தார், வரைபடத்தை விரித்தார், மறுபடி சங்கிலி பிடித்தார்.

"கல்லு இங்க வராதுங்களே. இன்னும் மூணடி உங்க பக்கம் போவணும். நேத்து முந்தாநாள் நகந்தது இல்ல இது. பட்டா குடுத்த காலத்துலயே யாரோ பிடுங்கி நட்டிருக்காங்க."

எனக்கு அப்பாவின் இடது கால் ஞாபகம் வந்தது. வாதம் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னோம். எதிரே, எங்கள் பக்கத்தில், மூன்றடி தள்ளி, ஜமீன் உட்கார்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு. 'அங்க நான் எதையும் புதைக்கல' என்று அம்சம் குலதெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணுகிறாள்.

"அந்த நாயைக் கொஞ்சம் நகத்துங்க," என்றார் கண்ணுசாமி. "அங்கதான் கல்லு நடணும்."

"நடுறதுக்கு ஆள் தேட வேணாங்க," என்றாள் அம்சம். "எங்க வீட்டுக்காரருக்குக் கல்லு தூக்கிப் பழக்கம் உண்டு."

தூக்கினேன். கல் வழுக்கியது. அதே கால், அதே முட்டி. இந்தத் தடவை சத்தம் போட்டேன். ஊரே கேட்டது.

இப்போது ஜமீன் நாலு காலில் ஓடுகிறது. ராசம்மாளுக்கு வரும் நடவில் நாற்று மிஞ்சாது, அறுபது முடிக்கு மேல் இன்னும் மூன்று முடி வேண்டியிருக்கும். நான் தஞ்சாவூரில் பத்து நாள் படுக்கையில் இருக்கிறேன். முட்டி ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமா என்று டாக்டர் கேட்டபோது நான் யோசிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சம்மதத் தாளில் குடும்பத் தலைவர் என்று போட்டிருந்த இடத்தில் அம்சம் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.