தரகர் அங்கிளின் பிக்கப் வண்டி

பெங்களூரில் வண்டி ஓட்டி ஊரைக் களைப்படைய வைக்கிறவர்கள் எத்தனையோ பேர். ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு ஒரு தெருவையே களைப்படைய வைத்தவர், எனக்குத் தெரிந்து, தரகர் அங்கிள் ஒருவர்தான். காக்ஸ் டவுனில் எங்கள் பக்கத்து வீடு. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

அவர் யாருக்கும் பெண் பார்த்துக் கொடுத்தவர் அல்ல. ஒரு தொழிற்சாலை கேன்டீனில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் மார்க்கெட்டிலிருந்து கேன்டீனுக்குக் காய்கறி ஏற்றி வரும் பிக்கப் வண்டியில், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தார். ஒருநாள்கூட டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. வண்டி கிழமாகி ஏலத்துக்கு வந்தபோது, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துவிட்டார். லாரியில் கொண்டுவந்து, அவர் வீட்டு கேட்டுக்கும் எங்கள் வீட்டு கேட்டுக்கும் நடுவே இறக்கினார்கள். அவர் மனைவி ரீட்டா ஆன்ட்டி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

“என்னா இது?”

“நம்ம கேன்டீன் வண்டி ரீட்டா. ஒரே ஒரு வாட்டி நானே ஓட்டிப் பாத்துடணும்.”

“ஓட்டிட்டு?”

அங்கிள் அந்த அளவுக்கு யோசித்து வைத்திருக்கவில்லை.

ஓட்டுவதற்கு முதலில் இன்ஜின் வேண்டும். இருந்தது ஒரு இரும்புப் பாறை. சிவாஜி நகர் குஜரிக் கடைகளில், அதாவது பழைய இரும்புக் கடைகளில், அங்கிள் வரன் தேட ஆரம்பித்தார். ஓய்வு பெற்ற ஆம்புலன்ஸ் ஒன்றின் டீசல் இன்ஜின் அமைந்தது. அதற்குப் பழைய கியர்பாக்ஸ் ஒத்துவராமல் ஒரு ஜீப்பின் கியர்பாக்ஸ் வந்தது. ஒவ்வொரு தடவையும் தெருவில் எங்களைக் கூப்பிட்டுச் சொல்வார்.

“பொண்ணு ஆம்புலன்ஸ் வீடு, மாப்பிள்ளை ஜீப் வீடு. நல்ல சம்பந்தம் தம்பி.”

இப்படித்தான் தரகர் என்ற பெயர் நிலைத்தது. இணைத்த மறுநாளே அடியில் ஆயில் ஒழுகி என் வாசல்வரை வந்தது. கேட்டதற்கு, “புது வீடு இல்லியா, கொஞ்ச நாள் அழுவா,” என்றார். ஆயிலைக் கழுவியது நான்.

வருஷங்கள் இப்படியே ஓடின. வண்டியைத் தவிர எல்லாம் ஓடின. ஜீப் கியர்பாக்ஸோடு இலவசமாக ஒரு ரிவர்ஸ் மியூசிக்கும் வந்திருந்தது. ரிவர்ஸ் கியர் போட்டால் கீக்கீ என்று ஒரு ராகம். இன்ஜின் ஓடாவிட்டாலும் அது மட்டும் கன கச்சிதமாகப் பாடும். நான் வீட்டிலிருந்தபடி ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து அங்கிள் அதைச் சோதித்துப் பார்ப்பார். “உங்க வீட்ல கார் பார்க் பண்றாங்களா?” என்று மேனேஜர் கேட்பார். ஆமாம் சார் என்பேன். விளக்கிச் சொல்லத் தெம்பு இருக்காது.

பிறகுதான் சோதனை வந்தது. அவர்கள் குடியிருந்த வீட்டை ஓனர் இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டார். லிங்கராஜபுரத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்தார்கள். காம்பவுண்டுக்குள் ஒரு வண்டி நிறுத்த இடம் இருந்தது. ஆன்ட்டி என்னைச் சாட்சியாக நிற்க வைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

“தம்பி, நீங்களும் கேட்டுக்கோங்க. அது சொந்தக் கால்ல நடந்து வந்தா புது வீட்டுக்கு வரட்டும். தூக்கிட்டு வர்றதா இருந்தா குஜரிக்குப் போகட்டும். என்னால முடியல.”

அங்கிள் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து வண்டியின் பின் ஆக்சில், அதாவது பின் சக்கரங்களைச் சுற்றுகிற தண்டு, உடைந்து கிடந்தது. எங்கெங்கோ அலைந்து வேறு ஒரு வேனுடைய ஆக்சிலைக் கொண்டுவந்தார். அதன் நடுவிலிருக்கும் பெரிய உருண்டை இந்த வண்டிக்கு எதிர்ப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. மாட்ட வரவில்லை. மெக்கானிக் பாஷா பாய் ஊரில் இல்லாத நாளில் அங்கிளே அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது.

“பத்துக்குப் பத்து பொருத்தம் தம்பி,” என்றார். கவிழ்க்க உதவிய எனக்கு அன்று முதல் இடது தோள் சரியில்லை.

வீடு மாறும் நாள் வந்தது. சாமான்களோடு ஆன்ட்டி டெம்போவில் முன்னால் போய்விட்டார். தெருமுனையில் குஜரிக்காரர் பீடி பிடித்தபடி காத்திருந்தார். அங்கிள் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்து ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. எனக்கே கண் கலங்கியது, பாதி புகையால். முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டார்.

வண்டி பின்னால் வந்து எங்கள் கேட்டில் முட்டியது.

“பதட்டத்துல ரிவர்ஸ் போட்டுட்டேன்,” என்று இரண்டாவது போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் வந்து, மிச்சமிருந்த கேட்டையும் சாய்த்தது.

அன்று காலைதான் ஊர் திரும்பி, வழியனுப்ப வந்திருந்த பாஷா பாய் அடியில் புகுந்து பார்த்துவிட்டு, வெளியே வர மனசில்லாமல் அங்கேயே படுத்திருந்தார்.

“க்யா அங்கிள், ஆக்சிலை உல்டா போட்டு வச்சிருக்கீங்க. சக்கரம் உல்டாதானே சுத்தும். இப்ப உங்க வண்டிக்கு நாலு கியரும் பின்னாடி போறதுக்கு.”

“சரி பண்ண?”

“எல்லாத்தையும் கழட்டணும். ஒரு வாரம் பிடிக்கும்.”

குஜரிக்காரர் பீடியை அணைத்துவிட்டு மெதுவாகக் கிட்டே வந்தார். அங்கிள் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கியர் கம்பியைப் பார்த்தபடி கேட்டார்.

“பாய், அப்போ ரிவர்ஸ் போட்டா?”

பாஷா பாய் தலையை வெளியே நீட்டினார். “ரிவர்ஸ் போட்டா... முன்னாடி போவும்.”

போனது. நானும் பாஷா பாயும் ஏறிக்கொள்ள, கீக்கீ என்று பாடிக்கொண்டே, பின்னால் வெள்ளை விளக்கு எரிய, காக்ஸ் டவுனிலிருந்து வண்டி கிளம்பியது. ரிவர்ஸ் கியரில் எந்த வண்டி வேகமாகப் போகும்? நடக்கிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். கியர் நழுவாமலிருக்க பாஷா பாய் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மானம் போகப் போகிறது என்று நான் குனிந்து உட்கார்ந்தேன். ஆனால் பெரிய ரோட்டுக்கு வந்தால், பெங்களூர் டிராஃபிக்கில் எங்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பக்கத்தில் ஊர்ந்த ஆட்டோக்காரர் மட்டும் ராகத்தைக் கேட்டுவிட்டு, முன்னால் போகிறீர்களா பின்னால் போகிறீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். அங்கிள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “முந்தே, முந்தே,” என்றார், முன்னால்தான் என்று. பக்கத்து சீட்டிலேயே காலம் கழித்த மனுஷன் முதுகை நிமிர்த்தி ஸ்டியரிங் பிடித்திருந்த அழகு இருக்கிறதே, அது தனி.

லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் பாதி ஏறியதும் ரேடியேட்டர் கொதித்து இன்ஜின் நின்றது. நானும் பாஷா பாயும் இறங்கித் தள்ளினோம். ஆட்டோக்காரரும் கை கொடுத்தார். உச்சியை எட்டியதும் அங்கிள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“தம்பி, தள்ளினதை ரீட்டாகிட்ட சொல்லிடாதே.”

இறக்கத்தில் உருண்டபோது அதே ரிவர்ஸ் கியரில் இன்ஜின் மறுபடி பிடித்துக்கொண்டது.

புது வீட்டு வாசலில் ஆன்ட்டி நின்றிருந்தார். அங்கிள் வண்டியை அவருக்கு நேர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கவில்லை. ஆன்ட்டி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு அவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

“சொந்தக் கால்லதான் வந்துச்சா தம்பி?”

“ஆமா ஆன்ட்டி. முழு வழியும்.”

என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இரண்டு உள்ளங்கையும் கன்னங்கரேல் என்று கிரீஸ். ஆன்ட்டி என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“உள்ள பின்பக்கம் சோப்பு இருக்கு. கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்,” என்றார். அப்புறம் போய், ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்த கேட்டின் மறுபக்கத்தையும் திறந்துவிட்டார்.

லிங்கராஜபுரம் என் ஆபீசுக்குப் போகிற வழி அல்ல. ஆனாலும் அவரைப் பார்க்காமல் ஒரு வாரம் போனால் எனக்கு என்னவோ போல இருக்கிறது. “சும்மா இந்தப் பக்கம் வந்தேன் அங்கிள்,” என்று சொல்லிக்கொண்டு போய் நிற்கிறேன். போகும்போது நல்ல சட்டை மட்டும் போட்டுக்கொள்வதில்லை.