கிற்றாரின் கழுத்தில் ஒரு கிளிப்

போனில் வீடியோ பார்த்துக் கிற்றார் பழகியவன் தனியாக இருக்கும்வரை மேதைதான். பக்கத்தில் இன்னொரு வாத்தியம் வந்தால்தான் சனியன் தொடங்கும். (அனுபவஸ்தன் சொல்கிறேன்.)

அப்போது எனக்குப் பூநகரியில் ஆசிரியர் வேலை. காதலி ஜெனி வட்டக்கச்சியில். அவளின் அப்பா அங்குள்ள தேவாலயப் பாடகர் குழுவின் தலைவர். எங்கள் விஷயம் தெரியவந்ததும் மனுஷன் பிடி கொடுக்கவில்லை.

"தம்பி கிற்றார் வாசிப்பீராம். ஞாயிற்றுக்கிழமை வந்து வாசியும். மற்றதைப் பிறகு கதைப்பம்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ஒத்திகைக்குப் போக பஸ் வரவில்லை. (பூநகரி பஸ்ஸை நம்பிக் காதலிக்கக்கூடாது.) ஞாயிறு, ஆராதனை தொடங்கும்போதுதான் போய் இறங்கினேன். ஒரு தாளைத் தந்தார்கள். பாட்டு வரிகளுக்கு மேல் ஜி, சி, டி என்று கோர்ட்ஸ், அதாவது பிடிக்க வேண்டிய சுரக்கூட்டுகள். அப்பாடா, மூன்றும் எனக்குத் தண்ணி பட்ட பாடு!

ஜெனி கீபோர்டில் ஜி பிடித்தாள். நானும் ஜி பிடித்தேன். இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறின.

"என்ன கோர்ட் பிடிக்கிறீங்கள்?" என்று பல்லைக் கடித்தாள்.

"ஜி."

"அது ஜி இல்லை!"

"தாளில ஜி எண்டுதானே கிடக்கு!"

விரல்களைச் சரிபார்த்தேன். எல்லாம் வீடியோவில் பார்த்த இடத்திலேயே இருந்தன. ஆகவே பிழை அவளுடையதுதான் என்று முடிவெடுத்து, இன்னும் பலமாக அடித்தேன். பாடகர் குழுவின் ஆண்கள் என் பக்கம் சாய, பெண்கள் ஜெனியோடு நிற்க, ஒரு பாட்டு இரண்டு பாட்டானது.

அவளின் அப்பா பாட்டை நிறுத்தினார். நேரே வந்து, கிற்றாரின் கழுத்தைக் கவ்வியிருந்த கிளிப்பைக் கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டார். அது இருந்தால் சுருதி ஏறிவிடும். விரல் ஜி பிடித்தாலும் வருவது வேறொன்று. எனக்கோ அது கிற்றாரோடு பிறந்த உறுப்பு. பழைய கிற்றாராக வாங்கிய நாளிலிருந்து கழற்றியதே இல்லை. (வீடியோக்காரனும் போட்டிருந்தானே!)

"இப்ப வாசியும், தம்பி."

ஜி, ஜியாகவே வந்தது. கல்யாணம்தான் போய்விட்டது என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்து தந்த தேத்தண்ணியில் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு நின்றேன். அவர் வந்தார்.

"பிழையை இவ்வளவு துணிவா வாசிச்ச ஆளை இண்டைக்குத்தான் கண்டனான். ஜெனியோட குடும்பம் நடத்த உந்தத் துணிவு போதும். வீட்டு ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாரும்."

அந்தக் கிளிப் இப்போது எங்கள் குசினியில் பால்மாப் பையின் வாயைக் கவ்விக்கொண்டிருக்கிறது. நான் எதிலாவது விடாப்பிடியாக நின்றால் ஜெனி சொல்வது ஒன்றுதான்: "முதல்ல கிளிப்பைக் கழட்டுங்கோ, பிறகு கதைப்பம்."

நேற்று, பென்சில் யாருடையது என்று நான்கு வயது மகளோடு சண்டை பிடித்தேன். அவளும் அதையே சொன்னாள்.