நன்றாக ஓடும் வண்டியைத் திருத்துபவர்

பழுதானதைச் சரிசெய்கிறவர்கள் ஓர் இனம். அவர்களை நாம் கூப்பிடுகிறோம், டீ வாங்கிக் கொடுக்கிறோம், வேலை முடிந்ததும் மறந்துபோகிறோம். பழுதாகாததைச் சரிசெய்கிறவர்கள் வேறோர் இனம். இவர்களை மறக்க முடியாது. மறக்க விடமாட்டார்கள்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒழுங்காக மூடிக்கொண்டிருந்த கதவின் கீலைக் கழற்றி எண்ணெய் போட்டுவிட்டு, அதற்கப்புறம் எப்படித் தள்ளினாலும் மூடாத கதவோடு அரை நாள் நின்றுகொண்டிருப்பார். கச்சிதமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "லேசா ஒரு ஆட்டம் தெரியுது" என்று ஸ்டூலைத் தேடுவார். ஒரு பொருள் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பது இவருக்குத் தாங்காது. தன்னைக் கேட்காமல் அது எப்படி ஓடலாம்?

இந்த இனத்தின் சாதாரண உறுப்பினர்களை விட்டுவிடுவோம். உச்சாணிக் கிளையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்போம். டீசல் பிக்கப் வண்டிக்கு பைபாஸ் ஆயில் ஃபில்டர் மாட்டுகிறவர் அவர்தான்.

அது என்ன என்று கேட்கிறீர்களா? எஞ்சினுக்குக் கம்பெனி கொடுத்த ஃபில்டர் ஒன்று ஏற்கெனவே உண்டு. எண்ணெய் முழுவதும் அதன் வழியாக ஓடியாக வேண்டும் என்பதால் அது அவசரத்தில் வடிகட்டும். பெரிய அழுக்கைப் பிடித்துப் பொடி அழுக்கை விட்டுவிடும். பைபாஸ் ஃபில்டர் என்பது பக்கத்தில் மாட்டும் ஒரு தனி டப்பா. எண்ணெயில் கொஞ்சத்தை மட்டும் ஒரு குழாய் வழியாக ஓரமாக அழைத்துப் போய், ஆற அமர வடிகட்டி, இன்னொரு குழாயில் திருப்பி அனுப்பும். இருந்தால் நல்லதுதான். இல்லாவிட்டால் எஞ்சினுக்கு அப்படியொன்று இல்லை என்பதே தெரியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நம்மவர் காதில் போட்டுவிடாதீர்கள்.

நம்மவருக்குத் தெருவில் வைத்த பெயர் மைக்ரான். காரணம் உண்டு. "தலைமுடி இருக்கே, அது எழுபது மைக்ரான். கம்பெனி ஃபில்டர் இருபத்தஞ்சு வரைக்கும்தான் பிடிக்கும். இது ரெண்டு மைக்ரானையே பிடிக்கும்" என்பதை அவர் மீட்டர் கணக்கெடுக்க வந்தவரிடம் சொல்லியிருக்கிறார், பேருந்தில் பக்கத்து இருக்கையில் தூங்கியவரிடம் சொல்லியிருக்கிறார், முடிவெட்டுபவரிடம் உதிர்ந்த முடியையே எடுத்துக் காட்டிச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில், இறந்தவருக்குச் சிறுநீரகம் போய்விட்டதாம் என்று யாரோ சொன்னதும், "அதுவும் ஒரு ஃபில்டர்தானே" என்று தொண்டையைச் செருமியவரை, அவர் மனைவி சட்டையைப் பிடித்திழுத்து உட்கார வைத்தாள். டாக்டர் நம்மவருக்கு எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்றரை வருடமாக பர்ஸில் நாலாக மடிந்து கிடக்கிறது. எஞ்சின் எண்ணெயை மட்டும் சின்னக் குப்பியில் பிடித்து, பெயர் எழுதி ஒட்டி, ஆய்வுக்கூடத்துக்குத் தவறாமல் அனுப்பிவிடுவார். அறிக்கை வந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. "இரும்பு கொஞ்சம் ஏறியிருக்கு" என்பார், சொந்தக்காரருக்கு வந்த வியாதி மாதிரி.

வண்டி அவருடையது என்றாவது நினைப்பீர்கள். இல்லை. அவர் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே இருப்பவர், போக வர பேருந்துதான். வண்டி மனைவியுடையது. பதினோரு வருடமாகச் சலவைத் தொழில் நடத்துகிறாள். விடுதிகளிலிருந்தும் சின்ன மருத்துவமனைகளிலிருந்தும் விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் தானே ஓட்டிப்போய் எடுத்துவந்து, வெளுத்து, மடித்து, திருப்பிக் கொடுப்பாள். பதினோரு வருடத்தில் அந்த எஞ்சின் அவளை வழியில் நிறுத்தியதில்லை. நம்மவர் கைவைத்த பிறகு இரண்டு முறை நிறுத்தியிருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அவர் சேர்ப்பதில்லை.

இப்போது அவளுக்குப் பெரிய வேலை ஒன்று வந்திருந்தது. இருநூறு படுக்கை கொண்ட மருத்துவமனை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் லோடு. அங்கே பொறுப்பிலிருந்த அம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "மூணு வாரம் பாப்போம்மா. ஒரு நாள் லேட்டானாலும் வேற ஆளப் பாத்துக்குவோம். பேஷன்ட்ட வெறும் மெத்தையில படுக்க வைக்க முடியாது பாருங்க." இந்த வேலையை நம்பி அவள் இரண்டு பெண்களைப் புதிதாகச் சேர்த்திருந்தாள். இன்னொரு சலவை இயந்திரமும் இறக்கியாயிற்று.

இந்தச் செய்தியைக் கேட்ட கணவர்கள் சந்தோஷப்படலாம், கவலைப்படலாம், சரி என்று சொல்லிவிட்டுத் தூங்கவும் செய்யலாம். நம்மவர் யோசித்தார். "அப்ப லோடு கூடும். லோடு கூடினா எண்ணெய் சீக்கிரம் கெடும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் விரிப்புக் கூடையோடு வாசலுக்கு வந்தபோது வண்டியின் வாய் திறந்திருந்தது. உள்ளே கணவர் இடுப்புவரை போயிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு மணி நேர வேல."

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வண்டி ஆஸ்பத்திரில நிக்கணும்."

"அதுக்குத்தானே பண்றேன்."

இந்த இனத்துக்கு ஒரு கொடி இருந்தால் அதில் எழுதவேண்டிய வாசகம் அதுதான். அதுக்குத்தானே பண்றேன். இதற்கு உலகில் யாரிடமும் பதில் கிடையாது.

செய்முறையை அவர் வீடியோவில் நாற்பது தடவையாவது பார்த்திருந்தார். அதில் தாடிக்காரர் ஒருவர் பன்னிரண்டு நிமிடத்தில் மாட்டிவிட்டு, கறைபடாத கையால் நமக்கு டாட்டா காட்டுவார். நம்மவருக்கு டப்பாவை எங்கே வைப்பது என்று முடிவுசெய்யவே பதினொன்றரை ஆகிவிட்டது. முதலில் பேட்டரிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு மட்கார்டின் உட்புறம், பிறகு மறுபடி பேட்டரிக்குப் பக்கம். ஓட்டை போட்டார். போட்ட பிறகு, ஒரு விரல் தள்ளிப் போட்டிருக்கலாம் என்று தெரிந்தது. ஒரு விரல் தள்ளி இன்னொன்று போட்டார். கடைக்குப் போனார். வந்தார். வாங்கியது பெரிதாக இருந்தது, போனார். சின்னதாக இருந்தது, போனார். நாலாவது தடவை எதற்குப் போனார் என்று அவருக்கே சரியாக நினைவில்லை. கடைக்காரர் ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டிருந்தார்.

ஆனாலும் சொல்லவேண்டும், வேலை அழகாக இருந்தது. எண்ணெய் அழுத்தத்தை அளக்கும் சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் மூன்று வாய் உள்ள பித்தளை இணைப்பை முடுக்கி, ஒரு வாயில் சென்சாரையும் இன்னொரு வாயில் குழாயையும் மாட்டி, குழாயைச் சூடான எதன்மேலும் உரசாமல் சாணுக்கு ஒரு கட்டுப் போட்டு டப்பாவரை கொண்டுபோய், அங்கிருந்து திரும்பும் குழாயையும் எஞ்சினில் சேர்த்திருந்தார். பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினார், டப்பாவுக்கும் சேர்த்து ஒரு லிட்டர் கூடுதலாக. எல்லாம் முடிந்தது. இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

இந்த இனத்தவர் எங்கே நிறுத்துவார்கள்? முடுக்கியது போதும் என்று கைக்குத் தெரிந்த பிறகு, 'எதற்கும் இருக்கட்டும்' என்று மனசு ஒரு சுற்றுக் கேட்கும். நம்மவர் கொடுத்தார். குழாய் வந்து உட்காரும் இடத்தில் பித்தளை லேசாக நசுங்கியது. நாலு மணிக்கு எஞ்சினை ஓடவிட்டார். பத்து விநாடியில் கறுப்பாக ஒரு நூல் இறங்கிற்று. டப்பாவுக்குப் போகவேண்டியதெல்லாம் தரைக்குப் போயிற்று.

"ஒழுகுதே" என்றாள் மனைவி.

"புதுக் குழாய். பழகணும்."

"குழாய்க்கு என்னங்க பழக்கம்?"

அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, ஊரின் மறுகோடியில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் கடை ஒன்று இருக்கிறது, புது இணைப்பு வாங்கிவந்தால் அஞ்சே நிமிட வேலை என்று சொல்லிப் போனார். இரண்டு பேருந்து மாறவேண்டும்.

அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

பதினோரு வருடமாக அந்த வண்டியைப் பார்ப்பவர் அவர். லீவு நாள் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"சார் எங்கக்கா?"

"கடைக்கு."

"நல்லதாப் போச்சு." விரலால் எண்ணெயைத் தொட்டுப் பார்த்தார். "இதெல்லாம் இல்லாமத்தானே அக்கா இத்தன வருஷம் ஓடுச்சு?"

"எனக்குத் தெரியும். வண்டிக்கும் தெரியும்."

"மொத்தமாக் கழட்டிடட்டுமா? அரை மணி நேரம்."

அவள் டப்பாவைப் பார்த்தாள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு வாஷர் போட்டிருந்தார். தவறாகப் போட்ட ஓட்டையைத் துரு பிடிக்கக்கூடாதென்று பெயின்ட் தொட்டு அடைத்திருந்தார். குழாய்க் கட்டுகளின் மிச்சவாலை, கை கிழிக்கக்கூடாதென்று ஒட்ட நறுக்கியிருந்தார். கை என்றால் யார் கை? காலையில் எண்ணெய் அளவு பார்க்க உள்ளே விடுவது அவள் கைதான்.

"கழட்டினா முகம் விழுந்துடும்" என்றாள். "கழட்டாம ஏதாவது பண்ண முடியுமா?"

மெக்கானிக் தாடையைச் சொறிந்தார். பெட்டியைக் கிளறி, செம்பில் சின்னதாக ஒரு வட்டு எடுத்தார். வாஷர் மாதிரிதான் இருந்தது, நடுவில் ஓட்டை மட்டும் இல்லை. குழாயைக் கழற்றி, அந்த வாயில் வட்டை வைத்து, மேலே குழாயைப் பழையபடியே முடுக்கினார். கூடுதலாக ஊற்றியதில் ஒழுகியது போக மிச்சத்தை இறக்கிப் பாட்டிலில் பிடித்தார். எஞ்சினை ஓடவிட்டார். ஒரு சொட்டு இல்லை.

"எண்ணெய் இதோட நின்னுடும். டப்பா அது பாட்டுக்கு உக்காந்திருக்கும்."

"எஞ்சினுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமே தெரியாது."

"அவருக்கு?"

"அத நீங்கதான் பாத்துக்கணும்" என்று கையைத் துடைத்தார் மெக்கானிக்.

கடைக்குப் போனவர் திரும்பி வந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, தரை காய்ந்திருந்தது. மெக்கானிக் நல்ல மனிதர். "நீங்க செஞ்சதெல்லாம் கரெக்ட்தான் சார். சரியா உக்காரல, உக்கார வச்சேன்" என்றார். நம்மவர் மனைவி பக்கம் திரும்பினார். "சொன்னேன்ல, பழகணும்னு."

திங்கட்கிழமை ஐந்து ஐம்பதுக்கு அவள் மருத்துவமனை வாசலில் நின்றாள். மூன்று வாரமும் அப்படியே. வேலை அவளுக்கே என்று உறுதியாயிற்று. அந்தப் பெருமை யாருக்குப் போயிற்று என்று சொல்லவேண்டுமா?

"சத்தம் மாறிடுச்சு, கவனிச்சியா? முன்னாடி ஒரு கரகரப்பு இருக்கும்."

"ஆமாங்க."

"இப்ப மிதக்குது."

"மிதக்குதுங்க."

தினமும் சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் டப்பாவின்மேல் கையை வைத்துப் பார்ப்பார். "சுடுது. எண்ணெய் ஓடுதுன்னு அர்த்தம்." கொதிக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லை வைத்தாலும் சுடும். அவள் அதைச் சொல்லவில்லை. எண்ணெய் அறிக்கை வந்தது, இரும்பு குறைந்திருந்தது. எண்ணெய் புதுசு, குறையாமல் என்ன செய்யும்? அதையும் சொல்லவில்லை. தெருவில் பெயின்டரும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவரும் வந்து வரிசையில் நின்று டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆறு மாதம் கழித்து டப்பாவுக்குள் இருக்கும் வடிகட்டியை மாற்றும் நாள் வந்தது. அவள் கொடியில் தலையணை உறை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அடியில் தட்டு வைத்து, பழைய துணி எடுத்து, கறுப்பு எண்ணெய் கொட்டுவதற்கு எல்லா ஏற்பாடும் செய்துகொண்டு மூடியைத் திருகினார். ஒன்றும் கொட்டவில்லை. வடிகட்டியை வெளியே எடுத்தார். வெள்ளை வெளேரென்று, காய்ந்து, அட்டைப் பெட்டியிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு அவர் கண் குழாயைப் பிடித்துக்கொண்டு கட்டுக்குக் கட்டு மெதுவாகப் போய், பித்தளை இணைப்பில் நின்றது. ஸ்பேனரை அதில் வைத்தார்.

அவளுக்கு உறையை உதறத் தோன்றவில்லை. ஒரு சுற்றுச் சுற்றினால் வட்டு கையில் விழும்.

அவர் ஸ்பேனரை எடுத்துவிட்டார். கொடிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த வடிகட்டியையே உள்ளே வைத்து மூடினார்.

"எப்படி இருக்குங்க?" என்றாள் அவள், கொடியைப் பார்த்தபடி.

"புதுசு மாதிரியே இருக்கு."

"மாத்த வேணாமா?"

"வேணாம். இன்னும் ரொம்ப நாளைக்கு வரும்."

மறுநாள் பெயின்டரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆறு மாசம் கழிச்சுத் தெறந்தேன். ஒரு பொட்டு அழுக்கு இருக்கணுமே?" அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

நீங்கள் இந்த இனம் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே ஒரு கேள்வி. அந்த மெக்கானிக் செம்பு வட்டை வைத்தபோது, 'இவ்வளவு மெல்லிய செம்பு அந்த அழுத்தத்தைத் தாங்குமா, எஃகு போட்டிருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் பதற வேண்டாம். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் ஏற்கெனவே ஒரு மெக்கானிக்கிடம் பேசியிருக்கிறார்.