எதிர்வீட்டு அண்ணனுக்கு, சிக்னி கௌரவ சங்கத்தில் சேர்ந்த விவரம்

டுலூத்,
ஏப்ரல் மாதம், இன்னும் பனி.

மரியாதைக்குரிய அண்ணன் நார்வல் அவர்களுக்கு, எதிர்வீட்டிலிருந்து தம்பி ஆர்லன் எழுதுவது. இங்கே நலம். உங்கள் முழங்காலும் நலமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். இது சமாதானக் கடிதம் அல்ல. என் மகள் சிக்னி கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன், அவ்வளவுதான். நாம் சேர்ந்து வாங்கிய பனி தள்ளும் மெஷினை நான் உடைத்துவிட்டதாகச் சர்ச் வாசலில் சொன்னீர்களே, அதை வாபஸ் வாங்கும்வரை மெஷின் என் ஷெட்டில்தான் பூட்டிக் கிடக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவு படிக்கிற பிள்ளைகளுக்கென்று ஒரு கௌரவ சங்கம் இருக்கிறது. நல்ல மார்க் வாங்கியவர்களை மட்டும்தான் கூப்பிடுவார்கள், நம் சிக்னியைக் கூப்பிட்டுவிட்டார்கள். அழைப்பிதழில் கிரேக்க எழுத்துகளைப் பார்த்ததும், அதே மாதிரி எழுத்துகளில் பெயர் வைத்துக்கொண்டு பீர் குடித்துக் கூரைமேல் ஏறுகிற மாணவர் கும்பல் எதிலோ சேர்ந்துவிட்டாளோ என்று அவளையே கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். "அப்பா, இது படிக்கிறவங்க சங்கம். மெழுகுவத்தி ஏத்துவோம், உறுதிமொழி சொல்லுவோம், வீட்டுக்கு வந்துடுவோம்" என்றாள். விழாவுக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு வெளிநாட்டுப் பதார்த்தம் கொண்டுவர வேண்டுமாம். நம் முன்னோர் நார்வேயிலிருந்து இங்கே வந்தவர்கள்தானே என்று நம் வீட்டு ஹாட்டிஷ்ஷை, மாட்டுக்கறியில் காளான் சூப்பை ஊற்றி மேலே உருளைக்கிழங்கு உருண்டை அடுக்குவோமே அதையேதான், 'நார்வே' என்று அட்டை எழுதி வைத்தேன். அங்கே நிஜமாகவே நார்வேயிலிருந்து படிக்க வந்த பையன் ஒருவன் நின்றிருந்தான். ஒரு வாய் தின்றான், அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எங்க நாட்டுல இது எந்தப் பக்கம் சார் கிடைக்கும்?" என்று பணிவாகக் கேட்டான். வடக்குப் பக்கம் என்று சொல்லிவைத்தேன். மறுபடியும் போட்டுக்கொண்டான், அது வேறு விஷயம்.

குடும்பத்துக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் என் பெயர், இன்னொன்றில் உங்கள் பெயர் ஒட்டியிருந்தாள். நான் வந்தால் நீங்கள் வரமாட்டேன் என்றீர்களாம். நீங்கள் கழிப்பறைக்குப் போயிருப்பதாக நாலு பேர் நினைக்கட்டும் என்று அதன்மேல் என் கோட்டைப் போட்டுவைத்தேன். பிறகு மெழுகுவத்தி ஏற்றி, இந்தப் படிப்பை ஏன் எடுத்தோம் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். மற்றவர்கள் போர், உடன்படிக்கை, ஜெனீவா என்றார்கள். நம்முடையது எழுந்தது.

"எங்கப்பாவும் பெரியப்பாவும் எதிரெதிர் வீடு. ரெண்டு வருஷமா பேச்சு கிடையாது, நான்தான் சேதி கொண்டுபோறேன். இவர் கத்திச் சொல்றதை அங்க போய் மெதுவாச் சொல்லுவேன். அவர் சொல்றதையும் அப்படித்தான். இன்னும் ரெண்டு பேரும் ஒரே தெருவுலதான் இருக்காங்க. அதனாலதான் இந்தப் படிப்பு மேல எனக்கு நம்பிக்கை."

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று, "பெரியப்பா உங்களை விசாரிச்சார்" என்றாளே, அது நீங்கள் சொன்னதா, அவளாகச் சேர்த்துக்கொண்டதா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மே மாதம் பட்டமளிப்பு. சங்கம் மரியாதைக்குத் தருகிற பட்டுக்கயிற்றை மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேடையேறுவாள். அப்போதும் இரண்டு நாற்காலிதான். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். மெஷின் விஷயத்தில் மட்டும் மாற்றம் இல்லை.

கர்த்தர் உங்களையும் உங்கள் முழங்காலையும் காப்பாராக.

தம்பி,
ஆர்லன் டோலெஃப்சன்

பி.கு.: சிக்னி எழுதச் சொல்லவில்லை, அவளுக்கு இது தெரியவும் தெரியாது. பதிலை அவளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். உங்கள் வாசல் பனியைத் தள்ளிவிட்டேன், மெஷின் படிக்கட்டுப் பக்கம் நிற்கிறது. கதவைத் தட்டக் கூச்சமாயிருந்ததால் கடிதத்தைக் கைப்பிடியில் செருகியிருக்கிறேன். ஹாட்டிஷ் அடுப்பில் இருக்கிறது. என் வீட்டுக் கதவு பூட்டவில்லை.