கண்ணளவு பிஸ்கட்

"ஓவனுக்குள்ள எதுக்கும்மா வடிகட்டியை வெச்சிருக்க?"

தொலைபேசியில் மனைவியின் குரல் ஒரு கணம் தடுக்கி நின்றது.

"ஓவனை எதுக்கு நீங்க திறந்தீங்க?"

"சும்மா... தூசி தட்டலாம்னு."

"இத்தனை நாள் கண்ணுல படாத தூசி இன்னைக்குத்தான் பட்டுச்சா? மூடி வைங்க. கிடைக்காத லீவு கிடைச்சிருக்கு, காலை நீட்டிப் படுங்க. இங்க வார்டுல தலைக்கு மேல வேலை."

வைத்துவிட்டாள். அந்த வடிகட்டி இப்போது வடிகட்டியாக இல்லை என்ற செய்தியைச் சொல்ல டிரைவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்க்காமல் ஓவனைச் சூடேற்றியதில், பச்சைப் பிளாஸ்டிக் உருகிக் கம்பித் தட்டின் வழியே ஒழுகி, அடியில் குளம் கட்டிக் கிடந்தது. சமையலறை முழுக்கப் புகை. டிரைவர் ஜன்னலைத் திறந்து துண்டால் விசிறினார். பாத்திரங்களை ஓவனுக்குள் வைத்தால் பூச்சி ஏறாது, என்ன கெட்டிக்காரி என்று மனைவியை மெச்சிக்கொண்டே விசிறினார்.

அவர் நெடுந்தூரப் பேருந்து ஓட்டுபவர். விடுமுறைக் காலம் வந்தால் ஊரே வீட்டில் இருக்கும், அவர் மட்டும் சாலையில் இருப்பார். இந்த முறை பேருந்து பழுதாகிப் பட்டறையில் படுத்துக்கொண்டதால், கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக அந்த வாரத்தில் வீட்டில் இருந்தார்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடுமுறைக்கு முன் அவளுடைய வார்டில் ஒரு வழக்கம் உண்டு. மாலை டீ நேரத்தில் ஒவ்வொருவரும் வீட்டில் செய்த தின்பண்டத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து எல்லோரோடும் பகிர்ந்து தின்பார்கள். கடைச் சரக்கு உள்ளே வரக் கூடாது. அது வார்டின் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டர் போட்ட சட்டம். ஒருமுறை யாரோ நேரமில்லாமல் கடையில் வாங்கி வந்ததைப் பெரிய சிஸ்டர் முகர்ந்து பார்த்தே கண்டுபிடித்து, டப்பாவோடு வாட்ச்மேனிடம் அனுப்பிவிட்டாராம். அந்தப் பொல்லாத மூக்குக்கு முன்னால் வருஷா வருஷம் முதல் பேர் வாங்குவது இவர் மனைவியின் வெண்ணெய் பிஸ்கட். அதில் ஒரு பொட்டலம் இவருக்கும் வரும். பஸ் முழுக்கக் காட்டிவிட்டுத்தான் தின்பார்.

இன்று மாலை அந்த டீ. ஆள் பற்றாக்குறையால் மனைவிக்கு இரண்டு நாளாக இரட்டை டியூட்டி. காலையில் கேட்டார்.

"பிஸ்கட் எப்பம்மா செஞ்ச?"

"அதெல்லாம் ஏற்பாடாயிடுச்சுங்க."

அவள் போனதும் டிரைவர் அலமாரி, பரண் எல்லாம் தேடினார். வீட்டில் ஒரு பிஸ்கட் துண்டு இல்லை. அவருக்கு நெஞ்சு கனத்துப் போயிற்று. பாவம், செய்ய நேரமில்லை என்று சொல்லக்கூட மனசு வராமல் சமாளிக்கிறாள். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேர் இன்று சாயங்காலம் கப்பலேறப் போகிறது. கட்டின புருஷன் வீட்டில் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அதை விடலாமா?

விடவில்லை. அதன் விளைவுதான் பச்சைக் குளம்.

அதைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் மனைவியைக் கூப்பிட்டார்.

"இப்ப என்னங்க?"

"நம்ம கண்டக்டர் கேட்டான்மா. அவன் வீட்டம்மாவுக்கு உன் பிஸ்கட் செய்யணுமாம். என்னென்ன போடணும்?"

"என்ன போடுவாங்க... மாவு, வெண்ணெய், சர்க்கரை."

"எவ்வளவு எவ்வளவு?"

"அதெல்லாம்... கண்ணளவுதாங்க. கண்ணளவுன்னு சொல்லுங்க. டாக்டர் வர்றார், வெச்சிடறேன்."

டிரைவர் நிமிர்ந்து நின்றார். கண்ணளவா? இருபக்கமும் ஒரு விரல் இடைவெளியில் சந்துக்குள் பஸ்ஸை நுழைப்பவரிடம் கண்ணளவைப் பற்றியா பேச்சு?

கண்ணளவாக மாவைக் கொட்டினார். கண்ணளவாக வெண்ணெயைப் போட்டார். அது கூழாகிவிட்டது. மாவு சேர்த்தார், கல்லாகிவிட்டது. வெண்ணெய் சேர்த்தார், மறுபடி கூழ். இப்படியே மாவு வளர வளரப் பாத்திரம் மாறிக்கொண்டே போய், கடைசியில் துணி நனைக்கும் வாளிக்கு வந்து சேர்ந்தது. நல்லவேளை, புது வாளி.

"டிரைவரே! என்ன நாத்தம் இது? எதையாவது கொளுத்திட்டீங்களா?"

எதிர்வீட்டு டெய்லர். கழுத்தில் அளவு நாடாவோடு உள்ளே வந்து, வாளியைப் பார்த்து, டிரைவரைப் பார்த்தார்.

"சுவருக்குப் பூசவா?"

"பிஸ்கட்டுய்யா."

"யாருக்கு?"

"வார்டுக்கு. வீட்டுக்காரிக்குத் தெரியாம செய்யறேன்."

"தெரியாம இருக்கறதுதான் நல்லது," என்றார் டெய்லர். ஆனால் கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். "நகருங்க. வெட்டற வேலைன்னா அது என் வேலை. எல்லாம் ஒரே அளவா வந்தாத்தான் பார்க்க லட்சணம்."

மாவை விரித்து, நாடா பிடித்து, மார்க் போட்டு வெட்டி அடுக்கினார். பட்டாளம் அணிவகுத்து நிற்பதுபோல அழகாக உள்ளே போயிற்று. வெளியே வந்தபோது பட்டாளத்தைக் காணோம். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டு முழுக்க ஒரே போர்வை.

"என்ன டெய்லரே இது?"

"துணின்னா சுருங்கும், அதுக்கு விட்டு வெட்டுவேன். இது விரியும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"இப்ப என்ன செய்யறது?"

"ஆறட்டும். கத்தரி எடுத்துட்டு வரேன்."

ஆறியபின் கத்தரி அதில் இறங்கவில்லை. டெய்லர் அழுத்திப் பார்த்து, கத்தரியின் மேலுள்ள பாசத்தால் விட்டுவிட்டார். அடுத்த தட்டு வைப்பதற்குள் நேரம் மளமளவென்று ஓடிவிட்டது. நேரம் தப்பினால் டிரைவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், வேகத்தைக் கூட்டுவது. ஓவனை முழு மூச்சில் திருகினார். பிஸ்கட் மேலே கரியாகவும் நடுவே பச்சை மாவாகவும் வந்தது. டெய்லர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"ஆஸ்பத்திரிக்குத்தானே போகுது? பரவால்ல, அங்கேயே பார்த்துக்குவாங்க."

டிரைவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாவும் தீர்ந்தது, வெண்ணெயும் தீர்ந்தது. "அவ பேரு போச்சுய்யா. பெரிய சிஸ்டர் முன்னாடி வெறுங்கையோட நிக்கப் போறா."

டெய்லருக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "கடைத்தெரு முக்குல பேக்கரி இருக்கே."

"கடைச் சரக்கா? அந்தம்மா மூக்கு பத்தித் தெரியுமா உமக்கு?"

"மூக்கு பொதுவா ஏமாறும் டிரைவரே. கண்ணைத்தான் ஏமாத்தணும். வாங்க."

பேக்கரிக்காரர் புருவமெல்லாம் மாவோடு வந்தார். உள்ளே மாவு பிசையும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை மீறிப் பேசிப் பேசி, "வாங்க சார்" என்பதையே எதிர்த்தெருவுக்குக் கேட்கும்படி சொல்வார்.

"வெண்ணெய் பிஸ்கட்தானே? இதோ, இப்பதான் இறக்கினேன்! வீட்டுக்கா சார்?"

"இல்லல்ல. பஸ்ல... கூட வேலை பார்க்கறவங்களுக்கு," என்றார் டிரைவர், எதற்கும் ஒரு பொய் இருக்கட்டும் என்று.

வீட்டுக்கு வந்து மேஜையில் பரப்பிப் பார்த்தார்கள். அச்சில் வார்த்த மாதிரி வட்டம். ஒன்றிலாவது ஒரு குறை இருக்க வேண்டுமே?

"பத்தடி தூரத்துல இருந்தே கடை கடைன்னு கத்துது," என்றார் டெய்லர். "உங்க வீட்டம்மா செய்யறது எப்படி இருக்கும்?"

டிரைவர் ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி யோசித்தார். "ருசி இதே மாதிரிதான். ஆனா ஓரம் லேசா உடைஞ்சிருக்கும். கண்டக்டர் கேலி பண்ணுவான். கையால செஞ்சது அப்படித்தாண்டா இருக்கும்னு அடக்குவேன்."

"அப்ப ஓரத்தை உடைப்போம்."

கேட்பதற்குச் சுலபம். டிரைவர் கரண்டிக் காம்பால் தட்டினால் பாதி பிஸ்கட் பறந்தது. டெய்லர் கத்தரி நுனியால் கொத்தினால் எலி கொறித்த மாதிரி ஆயிற்று. கைதவறி உடைந்தது போல ஒன்றை உடைப்பதற்கு எவ்வளவு கைப்பதமாக உடைக்க வேண்டியிருக்கிறது! தேறாததையெல்லாம் டெய்லர் வாயில் போட்டுக்கொண்டார்.

"இது நல்லாத்தானே உடைஞ்சிருக்கு? இதை ஏன்யா தின்னீர்?"

"கோணல் கொஞ்சம் ஜாஸ்தி டிரைவரே. தொழில்னு வந்துட்டா நான் கறார்."

மிஞ்சியதை மனைவியின் டப்பாவில் அடுக்கி, மேலே ஒரு சிட்டிகை மாவைத் தூவி, சட்டையிலும் கொஞ்சம் மாவைத் தடவிக்கொண்டு டிரைவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

வார்டின் ஓய்வறையில் மேஜை நிறைந்திருந்தது. நடுநாயகமாகப் பெரிய சிஸ்டரின் கேக். அடிப்பக்கம் சற்றே கருகியிருந்தது. "அடி லேசாப் பிடிச்சிடுச்சு. கையால செஞ்சா அப்படித்தான்," என்று அவர் எல்லோரிடமும் பெருமையாகக் குறைபட்டுக்கொண்டிருந்தார். டிரைவருக்கு அதைப் பார்த்ததும் குற்ற உணர்ச்சி குறுகுறுத்தது. இவ்வளவு பொறுப்புள்ள மனுஷி ஆசையாகச் செய்து கொண்டுவந்திருக்கிறார், அவரைப் போய் ஏமாற்றுகிறோமே!

கைப்பையை மாட்டிக்கொண்டு எங்கோ கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, டப்பாவைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்னங்க இது?"

"பிஸ்கட்மா. நானே செஞ்சேன்."

"நீங்களா?"

"நீ இரட்டை டியூட்டில கஷ்டப்படறியேன்னு... உன் பேரு கெடக் கூடாதில்ல?"

அவள் திறந்து பார்த்தாள். ஒன்றை எடுத்துத் திருப்பினாள். ஓரத்தைப் பார்த்தாள். கடித்தாள். முகத்தில் ஒரு நிறம் போய் இன்னொரு நிறம் வந்தது. டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் தன்னை இப்படிப் பார்த்ததே இல்லை.

"நம்ம ஓவன்லயா செஞ்சீங்க?" என்றாள் ரொம்ப மெதுவாக.

"பின்னே?"

பதில் சொல்வதற்குள் பெரிய சிஸ்டர் வந்துவிட்டார். ஒரு பிஸ்கட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் இழுத்து முகர்ந்தார். பெரிய சிஸ்டர் கடித்தார், மென்றார், கண்ணை மூடினார்.

"இது! இதுதான் வீட்டுப் பக்குவம்! உன் கை அப்படியே உன் வீட்டுக்காரருக்கும் வந்திருக்கே! கடையில கொட்டிக் குடுத்தாலும் இந்த ருசி வருமா? அளவு என்ன சார்?"

"கண்ணளவுதாங்க மேடம்," என்றார் டிரைவர் அடக்கமாக.

எல்லோரும் கை தட்டினார்கள். மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்து தண்ணீர் குடித்தாள்.

கைதட்டல் ஓய்கிற நேரத்தில் வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. புருவத்தில் மாவு. கையில் டப்பா. பேக்கரிக்காரர்!

காசு ஏதும் பாக்கி வைத்துவிட்டு வந்தோமா? தேடிப் பிடித்து வந்துவிட்டாரே! இந்த ஆள் வாயைத் திறந்தால் மனைவியின் மானம் வாட்ச்மேன் அறைக்குப் போய்விடும். டிரைவர் பெரிய சிஸ்டரின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து நின்று, உதட்டில் விரல் வைத்தார், கையெடுத்துக் கும்பிட்டார், வெளியே போங்கள் என்று கண்ணால் கெஞ்சினார்.

பேக்கரிக்காரர் அவரைப் பார்க்கவே இல்லை. நேராக மனைவியிடம் போனார். ரகசியம் பேசுகிற பாவனையில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அவர் தொண்டைக்குத் தெரிந்த ரகசியக் குரலில், வார்டின் கடைசிக் கட்டில் வரை கேட்கும்படி சொன்னார்:

"அக்கா, வழக்கம்போல ஓரம் உடைச்சு எடுத்து வெச்சிருந்தேன், உங்களைக் காணோமேன்னு நானே கொண்டு வந்துட்டேன், பெரிய சிஸ்டர் அவங்களோட அடி கருகினதைக் காலையிலேயே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களே!"