தாங்கள் அனுப்பிய ரயில் தொடர்பாக

மாத்தளை,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் உதயராஜ் அவர்களுக்கு,

நாங்கள் இங்கு நலமாக இருக்கிறோம் என்று தொடங்குவதே முறை. ஆனால் பௌதிகம் கற்பிக்கும் ஒருவன் நிரூபிக்க முடியாததை எழுதக் கூடாது என்பதால் அந்த வாக்கியத்தைத் தவிர்க்கிறேன். கனடாவில் தாங்களும் குடும்பத்தினரும் நலம் என்றே கொள்கிறேன். நலமாக இருப்பவர்களுக்குத்தான் அடுத்தவர் வீட்டுக்கு ரயில் அனுப்பத் தோன்றும்.

என் இரத்த அழுத்தம் குறைய ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று தாங்களே தீர்மானித்து, ஓர் இயந்திரம், சில சரக்குப் பெட்டிகள், வட்டமாகப் பூட்டும் தண்டவாளம் ஆகியவற்றை அனுப்பி வைத்தீர்கள். "மச்சான், மாதிரி ரயில் ஓட்டத் தொடங்க இதுதானே சரியான காலம்?" என்று தொலைபேசியிலும் கேட்டீர்கள். நான் வாய் திறப்பதற்குள் தங்கள் அக்கா நாட்காட்டியைப் பார்த்து, "பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிரும், அதுக்குள்ள ஓட்டிருங்க" என்றார். தங்கள் கேள்விக்கு என் விடை இதோ: இல்லை, இது சரியான காலம் அன்று. காரணங்களைக் கீழே தருகிறேன்.

கூடத்தில் மேசை போட்டு, தண்டவாளத்தைப் பூட்டி, மின்சாரத்தைத் தொடுக்கும் வேளையில் தங்கள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "புது வண்டிய பூசை போடாம ஓட்டுவாங்களா? படிச்ச மனுசன் பேச்சா இது?" அதன்பின், லொறிக்குச் செய்வது அனைத்தும் அந்த ரயிலுக்குச் செய்யப்பட்டது. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார். அந்தச் சக்கரத்தை விடப் பழம் பெரிது என்பதால் அதை நறுக்கி வைத்தார். இயந்திரத்தின் நெற்றியில் சந்தனம் வைத்தார். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவர் ஆகையால் தண்டவாளம் முழுவதும் சந்தனம் பூசினார். சந்தனம் மின்சாரத்தைக் கடத்தாது. ரயில் அசையவில்லை. பல் துலக்கும் தூரிகையால் நான் தண்டவாளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "ஒங்க மனசுல நம்பிக்கை இல்ல, அதான் ஓடல" என்று விளக்கமும் தரப்பட்டது.

ரயில் ஓடியதும், வட்டத்தின் நடுவே இடம் வீணாகக் கிடக்கிறதென்று முத்துமாரியம்மன் படத்தைக் கொண்டுவந்து வைத்தார். அந்தக் கணத்தில் என் பொழுதுபோக்கு முடிந்தது. அது ரயில் என்ற நிலையிலிருந்து விலகி, அம்மனை வலம் வரும் அடியாராகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தங்கம்மா பார்க்க வந்தவர், கொரியா வீசாவுக்கு விண்ணப்பித்திருந்த மகனின் கடவுச்சீட்டைத் திறந்த பெட்டி ஒன்றில் செருகி, "அதும் ஒரு சுத்து சுத்தட்டுமே சேர்" என்றார். மறுநாள் வீசா வந்தது. எப்படியும் அன்று வந்திருக்கும் என்று நான் சொன்னதை எவரும் காதில் வாங்கவில்லை.

இப்போது என் வீட்டு வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. "மெதுவா ஓட்டுங்க சேர், வீசா குலுங்கிரப் போகுது" என்று எனக்கு வேகக் கட்டுப்பாடு விதிக்கப்படுகிறது. மேசைக்குப் பலகை தந்த ஹாட்வெயார் கடை பஸீரும் வந்தார். "எங்கட மார்க்கத்துல இதெல்லாம் இல்ல சேர். நீங்க சும்மா விளையாட்டுக்குத்தானே ஓட்டுறீங்க? அந்த விளையாட்டுல மகன்ட பாஸ்போட்டும் கிடந்தா என்ன?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அதை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மருத்துவர் என் அழுத்தத்தை அளந்துவிட்டு மீண்டும் ஒருமுறை அளந்தார்.

இவை அனைத்தையும் பொறுத்திருப்பேன். பிரதீபாவின் விடயத்தைத்தான் பொறுக்க இயலவில்லை. மெல்பேர்ன் பல்கலைக்கழகம் அவளுக்கு இடம் தந்துவிட்டது. இனி வீசா மட்டுமே வர வேண்டும். ஒரே மகள் படிக்கப் போவதில் எனக்கு முழுச் சம்மதம் என்பதையும், எல்லாப் பத்திரங்களிலும் நானே கையொப்பமிட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் தங்கள் அக்கா, "ஊரு புள்ளைங்க பாஸ்போட்டெல்லாம் சுத்துது, பெத்த மக பாஸ்போட்டு அலுமாரியில தூங்குது. இவரு ஒரு அப்பாவா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார். பிரதீபாவும் சேர்ந்துகொண்டாள்.

"எனக்கும் நம்பிக்கை இல்லப்பா. அம்மாவுக்காக ஒரு சுத்து விடுங்களேன்."

"முடியாது. கொள்கை என்று ஒன்று இருக்கிறது."

"என் ஏ.எல். பரீட்சைக்குப் பேனாவுக்குத் திருநீறு பூசிவிட்டது யாரு?"

"அது வேறு," என்றேன். எவ்வாறு வேறு என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது தாயும் மகளும் என்னோடு பேசுவதில்லை. தேநீர் மட்டும் வருகிறது, சீனி இல்லாமல்.

ஆகவே, மாசி மகத் தேருக்கு வரும்போது தாங்கள் வாக்களித்த இரண்டாவது இயந்திரத்தைக் கொண்டுவர வேண்டாம் என்றும், முதலாவதைத் திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும் என்றும் அறியத் தருகிறேன். வயதும் அமைதியும் பூட்டிய தனி அறையும் உள்ளவருக்கே இது ஏற்ற பொழுதுபோக்கு. அம்மூன்றில் என்னிடம் இருப்பது வயது மட்டுமே.

தங்கள் பிள்ளைகளுக்கு என் மனமார்ந்த ஆசிகள். தங்களுக்கு வழங்கக்கூடிய ஆசி எதுவும் தற்சமயம் என் கைவசம் இல்லை.

இப்படிக்கு,
செ. நிரஞ்சன்

பி.கு.: உதயா, இதை எழுதி முடித்தபோது அக்காவும் பிரதீபாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அலுமாரியைத் திறந்து அவளுடைய கடவுச்சீட்டை எடுத்தேன். பெட்டியில் நிறுத்தி, விசையை மறுபக்கம் திருப்பி, ரயிலை இடமாக ஒரு சுற்று விட்டேன். இடமாகத்தான். அவள் போகாமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு. ரயில் வந்து நின்றதும், பலித்துவிடுமோ என்று விசையைப் பழையபடி திருப்பினேன். உடனே வலமாக விட்டேன். கேட் திறக்கும் சத்தம் கேட்கும் வரை நிறுத்தவில்லை. இடமாகச் சுற்றிய ஒரு சுற்று அழிய வலமாக எத்தனை சுற்று வேண்டும்? அங்கே கோயிலில் ஐயரிடம் கேட்டுச் சொல்லு. யாருக்காக என்று சொல்லிவிடாதே. எஞ்சின் சூடேறிக் கிடக்கிறது. ஆறியதும் இன்னும் கொஞ்சம் ஓட்டப் போகிறேன்.